ஏமாறாதே என்கிறோம், ஏமாற்றாதே என்கிறோமா?

(இந்த மாதப் பாடம்: குழந்தை வளர்ப்பு)



இந்த மாதப் பாடம் சேமிப்பைப் பற்றியோ வங்கிக் கடனைப் பற்றியோ இல்லை. நம் பிள்ளைகள் கால்சட்டைப் பையில் ரப்பர் பேண்டு போட்டு வைத்துக்கொண்டு திரிகிறார்களே, அந்தப் படம் போட்ட கார்டுகளைப் பற்றியது. "இதுக்கெல்லாமா ஒரு பாடம்?" என்று சிரிக்காதீர்கள். இந்தக் கார்டால் ஒரு குழுவில் இரண்டு வாரம் கூட்டம் சரியாக நடக்கவில்லை. பெயரும் ஊரும் எழுதவில்லை. சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் "எழுதுங்க மேடம், நாலு பேருக்கு உதவட்டும்" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

அந்தக் குழுவின் ஊக்குநர் அக்காவுக்கு ஏழாம் வகுப்பு படிக்கும் மகன். அதே தெருவில் இருக்கும் இன்னொரு உறுப்பினருக்கு மூன்றாம் வகுப்பு படிக்கும் மகன். சின்னவன் ஆயா கொடுக்கும் காசைச் சேர்த்துச் சேர்த்து, பெட்டிக்கடையில் கார்டு வாங்கி 40 வைத்திருந்தான். பெரியவன் ஒரு நாள் தங்க நிறத்தில் மின்னும் ஒரு கார்டைக் காட்டினான். "இது ஒரிஜினல்டா, மெட்ராஸ்ல ஆயிரம் ரூபாய்" என்றான். அந்த ஒரு கார்டைக் கொடுத்து, சின்னவனிடம் 26 கார்டு வாங்கிக்கொண்டான்.

அடுத்த சந்தை நாளில், தரையில் துணி விரித்து விற்கிற கடையில் அதே தங்கக் கார்டு பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்குவதைச் சின்னவன் பார்த்துவிட்டான். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அவன் அம்மா நேராக ஊக்குநர் வீட்டு வாசலில் போய் நின்றார். "உன் பையன் வாயால கேட்டுத்தானே வாங்கினான்? பசங்க விளையாட்டுக்குப் பெரியவங்க வரலாமா?" என்று பதில் வந்தது. வார்த்தை தடித்தது. சின்னவனின் அம்மா இரண்டு வாரம் கூட்டத்துக்கு வரவில்லை, சந்தாவும் கட்டவில்லை. அந்த நேரத்தில்தான் வங்கிக் கடனுக்குத் தீர்மானம் எழுதி 12 பேரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஒரு கையெழுத்து குறைந்ததால் 12 பேரின் கடனும் நின்றது.

இந்தக் கார்டில் அப்படி என்ன இருக்கிறது?

நமக்கு இது வெறும் அட்டை. ஆனால் நாமும் சின்ன வயதில் தீப்பெட்டி அட்டை, உடைந்த வளையல் துண்டு, புளியங்கொட்டை என்று சேர்த்தவர்கள்தான். என் வயதுக்காரர்கள் சிப்ஸ் பாக்கெட்டில் வந்த டாஸோவுக்காக அழுதிருப்போம். பொருள் மாறியிருக்கிறது, ஆசை மாறவில்லை.

மல்யுத்த வீரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டில் உயரம், எடை, மார்பளவு, ரேங்க் எல்லாம் அச்சடித்திருக்கும். ஒருவன் ஒரு விவரத்தைச் சொல்லி எண்ணைப் படிக்க வேண்டும். எவன் கார்டு உசத்தியோ அவன் ஜெயித்தான். போக்கிமான் கார்டு 1996-ல் ஜப்பானில் தொடங்கியது. அசல் கார்டின் கீழ் ஓரத்தில் சின்னதாக ஓர் அடையாளம் இருக்கும். வட்டம் என்றால் சாதாரணமாகக் கிடைப்பது, டைமண்ட் என்றால் கொஞ்சம் அரிது, நட்சத்திரம் என்றால் அரிது. நம் ஊர்ப் பெட்டிக்கடையில் 5 ரூபாய், 10 ரூபாய்க்கு விற்பவை பெரும்பாலும் அதைப் பார்த்து அச்சடித்த நகல்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். சண்டை ஆரம்பிக்கிற இடமே அதுதான்.

ஒரே ஒரு கேள்வி

அந்த வாரம் நான் அந்த ஊருக்குப் போனேன். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகளையும் திண்ணையில் உட்கார வைத்தேன். அம்மாக்கள் இருவரும் பக்கத்தில் இருந்தார்கள். பெரியவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"தம்பி, இந்தக் கார்டு சந்தையில நிறைய கிடைக்குதுன்னு உனக்குத் தெரியும். உனக்குத் தெரிஞ்சது அவனுக்கும் தெரிஞ்சிருந்தா, 26 கார்டைக் குடுத்திருப்பானா?"

கொஞ்ச நேரம் தரையையே பார்த்தான். "குடுத்திருக்க மாட்டான் மிஸ்" என்றான். பிறகு தலையைத் தூக்கி, "எங்க மாட்டை வித்தப்போ அது உதைக்கும்னு அப்பா சொல்லலியே மிஸ்? சொன்னா வாங்க மாட்டாங்க, சும்மா இருன்னு அம்மாதான் என்கிட்ட சொன்னாங்க" என்றான்.

திண்ணையில் யாரும் பேசவில்லை. ஊக்குநர் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல நான் யார்? பிள்ளையைக் கடைக்கு அனுப்பும்போது "சில்லறையைச் சரியா எண்ணி வாங்கு, ஏமாந்துட்டு வராதே" என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். கடைக்காரர் தவறுதலாக 10 ரூபாய் கூடக் கொடுத்துவிட்டால் "போய்த் திருப்பிக் குடுத்துட்டு வா" என்று எத்தனை பேர் சொல்கிறோம்?

நமக்கு நடந்தால் தெரியும்

மல்லாட்டை அறுவடை சமயத்தில் வீட்டு வாசலுக்கு வண்டி கொண்டு வரும் வியாபாரியை நினைத்துப் பாருங்கள். அன்றைக்குக் கமிட்டியில் என்ன விலை போனது என்று அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. "காயில ஈரம் இருக்கும்மா" என்று விலையைக் குறைக்கிறார். நாமும் தலையாட்டி மூட்டையைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். மறுநாள் சரியான விலை தெரிந்ததும் வயிறு எரிகிறது. "நீதானே சம்மதிச்சு குடுத்தே?" என்று அவர் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்? அந்தச் சின்னவனுக்கும் அப்படித்தான் இருந்தது.

சம்மதித்துக் கொடுத்தால் மட்டும் நியாயம் ஆகிவிடாது. தெரிந்து சம்மதிக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மிரட்டியோ மோசடி செய்தோ பெற்ற சம்மதம் சுதந்திரமான சம்மதம் ஆகாது. 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தமே அந்தச் சட்டப்படி செல்லாது. கார்டுக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை. ஆனாலும் "கேட்டுத்தானே வாங்கினான்" என்று பெரியவர்கள் கதவைச் சாத்திவிடக் கூடாது. திருவள்ளுவரும் நடுவுநிலைமை அதிகாரத்தில், அடுத்தவர் பொருளையும் தன் பொருள்போல் நினைத்துச் செய்வதுதான் நல்ல வாணிகம் என்கிறார்.

26-க்கு 1 என்றாலே அநியாயமா?

இல்லை. இதையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். தனக்குப் பிடித்த ஒரு கார்டுக்காக, எல்லாம் தெரிந்தே ஒரு பிள்ளை பத்து கார்டு கொடுத்தால் அது அவன் விருப்பம். அங்கே போய் "ஏண்டா ஏமாளி" என்று திட்டக் கூடாது. எண்ணிக்கை சமமாக இருக்கிறதா என்பதை விட, உண்மை சமமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

சின்னவனும் செய்திருந்தான்

கார்டுகளைத் திருப்பிக் கொடுக்கப் பெரியவன் ஒத்துக்கொண்டான். எண்ணிப் பார்த்தபோது 22 தான் இருந்தது. மீதி 4-ஐ வேறு பையனிடம் ஆட்டத்தில் தோற்றிருந்தான். இன்னொன்றும் தெரிய வந்தது. அந்த 22-ல் இரண்டு கார்டு கிழிந்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தது. சின்னவன்தான் அவற்றைக் கட்டுக்கு நடுவில் செருகிக் கொடுத்திருக்கிறான்! அவன் அம்மாவுக்கு அது அன்றுதான் தெரியும். "என் புள்ளைக்குச் சூது வாது தெரியாதுன்னு ஊரெல்லாம் சொன்னேனே" என்றார். அதுவரை இறுகியிருந்த ஊக்குநர் அக்கா அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துப் பேசினார்கள்.

தோற்றுப்போன 4 கார்டுக்குப் பதில் பெரியவன் தன் கட்டை விரித்து வைத்தான். சின்னவன் பிடித்த நாலைப் பொறுக்கிக்கொண்டான். தங்கக் கார்டு பெரியவனிடமே போனது. மன்னிப்புக் கேட்பது நல்லதுதான். ஆனால் போன பொருளை ஈடு கட்டுவதும் சேர்ந்தால்தான் கணக்கு முடியும்.

சட்டம் போட வேண்டியது யார்?

சுவிட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் ழான் பியாஜே, கோலி விளையாடும் பிள்ளைகளோடு உட்கார்ந்து, "எனக்கும் சொல்லிக்கொடு" என்று கேட்டு ஆராய்ந்தார். அதை 1932-ல் புத்தகமாக எழுதினார். விளையாட்டுச் சட்டம் பெரியவர்கள் வைத்தது, அதை மாற்றவே கூடாது என்று சின்னப் பிள்ளைகள் நினைத்தார்கள். பத்து வயதைத் தாண்டியவர்களோ, எல்லாரும் ஒத்துக்கொண்டால் சட்டத்தை மாற்றலாம் என்றார்கள். நியாயம் என்பதைப் பிள்ளைகள் பெரியவர்களின் அதட்டலில் கற்பதை விட, தங்களுக்குள் பேசி ஒத்துப்போவதில்தான் அதிகம் கற்கிறார்கள் என்பது அவர் கருத்து. நம் குழு விதிகளை நாமே பேசி எழுதிக்கொண்டதால்தானே மதிக்கிறோம்? அதுபோலத்தான்.

அந்தத் தெருப் பிள்ளைகளும் தாங்களே பேசி, ஒரு நோட்டில் இப்படி எழுதினார்கள்:

1. மாற்றும் முன் கார்டின் இரண்டு பக்கத்தையும் காட்ட வேண்டும். கிழிசல் இருந்தால் சொல்ல வேண்டும்.
2. தெரியாத விலையைச் சொல்லக் கூடாது. நகல் என்று தெரிந்தால் நகல் என்று சொல்ல வேண்டும்.
3. ஜெயித்தவன் கார்டை எடுத்துக்கொள்ளும் ஆட்டமா, ஆடிவிட்டுத் திருப்பித் தரும் ஆட்டமா என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.
4. மாற்றிய பிறகு மனசு மாறினால் மறுநாள் பள்ளி மணி அடிக்கும் வரை திருப்பிக் கேட்கலாம். அதற்குப் பிறகு கேட்கக் கூடாது.
5. ஐந்தாம் வகுப்புக்குக் கீழே இருப்பவர்களிடம் மாற்றினால் பெரிய ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நாலாவது விதியைச் சொன்னது அந்தச் சின்னவன்தான்.

அம்மாக்கள் கவனிக்க

* பிள்ளை அழுதுகொண்டு வந்தால் உடனே அடுத்த வீட்டு வாசலுக்குப் போகாதீர்கள். "நீ என்ன சொன்னே, அவன் என்ன சொன்னான்?" என்று முழுக்கக் கேளுங்கள்.
* புது பாக்கெட் வாங்கிக் கொடுத்து அழுகையை அடக்காதீர்கள். பிரச்சினை அப்படியே இருக்கும்.
* பிள்ளை கை நிறையக் கார்டோடு வந்தால் "கெட்டிக்காரன்" என்று மெச்சும் முன், எப்படி வந்தது என்று கேளுங்கள்.
* தப்பு செய்திருந்தால் நாலு பேர் முன்னால் அடிக்கவோ "திருடன்" என்று சொல்லவோ வேண்டாம். கூடவே போய்த் திருப்பிக் கொடுக்கச் செய்யுங்கள்.
* நாம் விற்கும்போதும் வாங்கும்போதும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. நமக்குத் தெரிந்த ஒரு குறையை மறைத்து எதையாவது விற்றிருக்கிறோமா? அப்போது பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்களா?
2. உள்கடன் கொடுக்கும்போது, எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினருக்கு வட்டிக் கணக்கைப் புரியும்படி சொல்கிறோமா? இல்லை, கைநாட்டு வாங்கினால் போதும் என்று விடுகிறோமா?
3. நம் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்து இப்படி ஒரு நோட்டு எழுதச் சொல்லலாமா?

அடுத்த வாரக் கூட்டத்துக்கு 12 பேரும் வந்தார்கள். பாக்கிச் சந்தா வரவில் ஏறியது, தீர்மானத்தில் பன்னிரண்டாவது கையெழுத்தும் விழுந்தது. கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஊக்குநர் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாடு வாங்கினவர் பக்கத்து ஊருதான் மேடம். போய்ச் சொல்லிட்டு வந்தோம். 'எனக்கு அன்னிக்கே தெரிஞ்சு போச்சும்மா, காலைக் கட்டித்தான் கறக்கிறோம்'னு சொன்னாரு. ஆனாலும் என் பையனைக் கூடக் கூட்டிட்டுத்தான் போனேன்" என்றார்.

அடுத்த மாதம் சந்திப்போம்.

இப்படிக்கு,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்