எந்த வாத்து இது?

ஒக்டோபர் முதல் மார்ச் வரை திருகோணமலைக் குளங்களிலும் களப்புகளிலும் வலசை வாத்துகள் இறங்கும். இனந்தெரியாத ஒன்றைக் கண்டால்:

• நிறத்தை நம்பாதீர்கள். இறகு உதிர்த்த ஆண் வாத்து பெட்டையைப் போலவே பழுப்பாக இருக்கும். நீலச்சிறகி ஆண்கள் பல, குளிர்காலம் பாதி கழிந்த பின்னும் அப்படித்தான் திரியும்.

• அலகைப் பாருங்கள். அகப்பைபோல் நுனி அகன்றிருந்தால் ஆண்டி வாத்து.

• முகத்தில் கருங்கோடுகளும் அலகடியில் வெளிர் பொட்டும் இருந்தால் நீலச்சிறகி. கழுத்து மெலிந்து நீண்டு, வால் கூராக இருந்தால் ஊசிவால் வாத்து.

• பறக்கும்வரை பொறுத்திருங்கள். ஆண் நீலச்சிறகியின் முன்சிறகு எக்காலத்திலும் நீலச்சாம்பல். ஆண் குள்ளத்தாராவின் சிறகில் அகன்ற வெள்ளைப் பட்டை தெரியும். சீழ்க்கையடித்தபடி பறந்தால், இங்கேயே வாழும் சீழ்க்கைச் சிறகி.

• கரிய உடல், வெள்ளை நெற்றி, கோழிபோல் கூரிய அலகு என்றால் அது வாத்தே அல்ல, நாமக்கோழி.

• வெயில் முதுகில் படும்படி நில்லுங்கள்; எதிர்வெயிலில் எல்லாமே கறுப்புத்தான்.

• பக்கவாட்டில் ஒன்று, சிறகு விரிந்த நிலையில் ஒன்று என இரு படங்கள் எடுங்கள். இடம், திகதியுடன் ‘மெர்லின்’ இலவசச் செயலியில் இட்டால் பெயர் சொல்லும். அதையும் மேற்கண்ட அடையாளங்களோடு ஒப்பிட்ட பிறகே குறித்துக்கொள்ளுங்கள்.