ஒரே டேக்கில் பிறந்ததா ராக் அண்ட் ரோல்?

1950களின் ராக் அண்ட் ரோல் பாடல்கள் உருவான கதைகளைக் கேட்டால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். தெருவோடு போன ஒரு பையன் ஸ்டுடியோவுக்குள் நுழைகிறான், கிதாரை எடுக்கிறான், விளையாட்டாக எதையோ பாடுகிறான், மறுநாள் காலையில் உலகம் மாறியிருக்கிறது. சினிமாவுக்கு இது போதும். ரெக்கார்டிங் அறைக்குள் நடந்தது வேறு. தற்செயல் அங்கேயும் இருந்தது. ஆனால் அது வந்து விழுந்த நேரத்தில் அதைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் மணிக்கணக்காக உழைத்துக்கொண்டிருந்தார்கள். கதைகள் அவர்களைத்தான் விட்டுவிடுகின்றன. காலங்காலமாகச் சொல்லப்படும் சில நம்பிக்கைகளைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

நம்பிக்கை: எல்விஸ் பிரெஸ்லி முதன்முதலில் ஸ்டுடியோவுக்குப் போனது அம்மாவின் பிறந்தநாள் பரிசுக்காக. பாடி முடித்ததுமே அவரைக் கண்டுகொண்டார்கள்.

உண்மை: எல்விஸின் அம்மா கிளாடிஸின் பிறந்தநாள் ஏப்ரல் 25. மகன் மெம்ஃபிஸ் நகரில் 706, யூனியன் அவென்யூவில் இருந்த ஸ்டுடியோவுக்குப் போனது 1953 ஜூலையில். பரிசு என்றால் மூன்று மாதம் தாமதம்! அந்த ஸ்டுடியோவை நடத்திய சாம் பிலிப்ஸ், கல்யாணமோ இறுதிச் சடங்கோ எதுவானாலும் காசு வாங்கிக்கொண்டு பதிவு செய்து கொடுப்பவர். சுமார் 4 டாலர் கட்டினால் யாரும் இரண்டு பாட்டுப் பாடி, இசைத்தட்டைக் கையோடு வாங்கிப் போகலாம். 18 வயது எல்விஸும் அப்படிப் போனவர்தான்.

முன்மேசையைப் பார்த்துக்கொண்ட மரியன் கெய்ஸ்கர் பையனின் பெயரைக் குறித்து வைத்தார். அன்றைக்கு நடந்தது அவ்வளவே. 1954 ஜனவரியில் எல்விஸ் மறுபடி காசு கட்டிப் பாடினார், பலனில்லை. அந்தக் கோடையில் ஒரு பாட்டுக்காக அவர்களே கூப்பிட்டார்கள், அதுவும் சரிப்படவில்லை. முதல் வாய்ப்பு உருப்படியாக அமைய ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது.

நம்பிக்கை: 'தட்ஸ் ஆல் ரைட்' ஒரு விபத்து. விளையாட்டாகப் பாடியது தானாகப் பதிவாகிவிட்டது.

உண்மை: விளையாட்டு என்பது சரி. தானாக என்பதுதான் தவறு. 1954 ஜூலை 5 இரவு எல்விஸும், கிதார் கலைஞர் ஸ்காட்டி மூரும், டபுள் பாஸ் வாசித்த பில் பிளாக்கும் வெகுநேரம் மெல்லிசைப் பாடல்களைப் பாடிப் பார்த்தார்கள். எதுவும் ஒட்டவில்லை. இடைவேளையில் எல்விஸ் எழுந்து துள்ளிக்கொண்டே ஒரு பழைய ப்ளூஸ் பாட்டைப் பாட ஆரம்பித்தார். பில் பிளாக் சேர்ந்துகொண்டார், மூரும் சேர்ந்துகொண்டார். உள்ளறையிலிருந்து தலையை நீட்டிய பிலிப்ஸ், என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அவர்களுக்கே பதில் தெரியவில்லை. முதலிலிருந்து திரும்ப ஆரம்பிக்கச் சொன்னார் பிலிப்ஸ். இன்று நாம் கேட்பது அதன் பிறகு மைக் முன்னால் நின்று வேலையாகச் செய்தது.

அந்தப் பாட்டு புதியதும் அல்ல. மிசிசிப்பியைச் சேர்ந்த கறுப்பினப் பாடகர் ஆர்தர் குரூடப் 1946-இலேயே பதிவு செய்தது. அந்தப் பாட்டுக்காக அவருக்குக் கிடைக்க வேண்டிய ராயல்டியில் பெரும்பகுதி கடைசிவரை கிடைக்கவில்லை. எல்விஸின் பதிவில் டிரம்ஸ் கிடையாது. தாளம் போல் காதில் விழுவது பில் பிளாக் தன் பாஸின் தந்திகளை இழுத்து விரற்பலகையில் அறையும் சத்தம். தட்டின் மறுபக்கத்துக்குப் பாட்டுத் தயாராகும் முன்பே மெம்ஃபிஸ் வானொலியில் டூயி பிலிப்ஸ் இதை ஒலிபரப்பிவிட்டார். சாமுக்கும் இவருக்கும் பெயரில்தான் ஒற்றுமை, உறவு கிடையாது.

நம்பிக்கை: அந்தக் காலத்தில் எல்லாம் ஒரே டேக். அதனால்தான் அந்த உயிர்ப்பு.

உண்மை: 1956 ஜூலை 2, நியூயார்க்கில் ஆர்சிஏ கம்பெனியின் ஸ்டுடியோ. முந்தின நாள் இரவுதான் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எல்விஸை டெயில்கோட் மாட்டவைத்து, ஒரு நிஜ நாயைப் பார்த்துப் பாடவைத்திருந்தார்கள். மறுநாள் அதே 'ஹவுண்ட் டாக்' பாட்டைப் பதிவு செய்ய 31 டேக் ஆனது. போதும் என்று மற்றவர்கள் நினைத்த பிறகும் திருப்தியில்லாமல் திரும்பத் திரும்பப் பாடியவர் எல்விஸ். பதிவானதை ஒலிபெருக்கி முன்னால் குந்தி உட்கார்ந்து கேட்டுத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. அதே நாளில் 'டோன்ட் பி க்ரூயல்' பாட்டுக்கு 28 டேக். இரண்டும் ஒரே தட்டின் இரு பக்கங்களாக வந்து பதினோரு வாரம் முதலிடத்தில் இருந்தன. கேட்பவருக்கு எல்லாம் அப்போதுதான் பொங்கி வந்தது போலத் தோன்றும். முப்பத்தொன்றாவது தடவையும் அப்படித் தோன்றவைப்பதுதான் வித்தை.

குறைந்த டேக்கில் முடிந்த பாட்டுகளும் உண்டு. காரணம் பெரும்பாலும் கடிகாரம். இசைக் கலைஞர் சங்க விதிப்படி ஒரு செஷன் மூன்று மணி நேரம். 1954 ஏப்ரல் 12 அன்று பில் ஹேலியின் குழு வந்த படகு மணல்திட்டில் சிக்கியதால், நியூயார்க்கின் பித்தியன் டெம்பிள் அரங்குக்குத் தாமதமாக வந்து சேர்ந்தது. மிச்ச நேரத்தில் பெரும்பகுதியை வேறொரு பாட்டு விழுங்கிவிட்டது. 'ராக் அரவுண்ட் த கிளாக்' பாட்டுக்குக் கிடைத்தது இரண்டே டேக். முதல் டேக்கில் வாத்தியங்களின் இரைச்சலில் ஹேலியின் குரல் அமுங்கிப்போனது. இரண்டையும் வைத்துத்தான் பாட்டைத் தேற்றினார்கள்.

அந்தப் பாட்டின் மின்னல்வேக கிதார் சோலோவை அந்தக் கணத்தில் பிறந்தது என்று கொண்டாடுவார்கள். நேரமில்லாததால் டேனி செட்ரோன், 1952-இல் ஹேலியின் 'ராக் த ஜாயின்ட்' பாட்டுக்குத் தான் வாசித்திருந்ததையே திரும்ப வாசித்தார் என்பதுதான் நடந்தது. அந்த ஏப்ரல் பதிவு முடிந்த இரண்டே மாதத்தில் மாடிப்படியில் விழுந்து இறந்துபோனார். 1955-இல் 'பிளாக்போர்டு ஜங்கிள்' படத்தில் இடம்பெற்று, அந்தப் பாட்டு உலகமெங்கும் ஒலித்ததைக் கேட்க அவர் இல்லை.

நம்பிக்கை: சன் ஸ்டுடியோ என்று புகழ்பெற்ற பிலிப்ஸின் மெம்ஃபிஸ் ஸ்டுடியோவின் எதிரொலி அந்த அறையின் மாயம்.

உண்மை: அறைக்குப் பங்கில்லை. இரண்டு ஆம்பெக்ஸ் டேப் இயந்திரங்களின் வேலை அது. பாட்டு ஒரு இயந்திரத்தில் பதிவாகும்போதே இரண்டாவதிலும் பதிவாகும். அதில் பதிக்கும் ஹெட்டுக்கும் ஒலிக்கும் ஹெட்டுக்கும் நடுவே சிறு இடைவெளி. டேப் அதைக் கடப்பதற்கு நொடியில் ஒரு சிறு பங்கு ஆகும். அவ்வளவு தாமதத்தோடு வரும் ஒலியைப் பிலிப்ஸ் மறுபடி மூல ஒலியோடு கலந்தார். பெரிய கோயில் மண்டபத்தில் நீண்டு கரையும் எதிரொலி வேறு. இது குரலின் முதுகில் சட்டென்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு நின்றுவிடும். மூன்றே பேர் வாசித்தது பெரிய குழு போலக் கேட்டதற்கு இதுவே காரணம்.

எல்விஸின் ஒப்பந்தத்தை 1955 நவம்பரில் 35,000 டாலருக்கு வாங்கிய ஆர்சிஏ கம்பெனிக்கு இந்த ஒலி பிடிபடவில்லை. 1956 ஜனவரியில் நாஷ்வில்லில் 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்' பதிவானபோது, நடைபாதையில் ஒலிபெருக்கியும் மைக்கும் வைத்து எதிரொலி உண்டாக்கினார்கள். சன்னின் ஒலி வரவில்லை, வேறொன்று வந்தது. அதுவும் புகழ்பெற்றது.

தற்செயலுக்கு நியாயம் வேண்டுமானால் 1951-க்குப் போகலாம். ஐக் டர்னரின் குழு 'ராக்கெட் 88' பதிவு செய்ய மெம்ஃபிஸுக்கு வந்தபோது கிதார் ஆம்ப் வழியிலேயே பழுதாகிவிட்டது. பிலிப்ஸ் கிழிந்த ஸ்பீக்கருக்குள் காகிதத்தை அடைத்து, கரகரப்போடே பதிவு செய்தார். பழுதானது தற்செயல். அந்தக் கரகரப்பை ஒளிக்காமல் முன்னால் நிறுத்தியது முடிவு.

நம்பிக்கை: தட்டில் யார் பெயரோ, வாசித்ததும் அவர்கள்தான்.

உண்மை: 'ராக் அரவுண்ட் த கிளாக்' பாட்டின் டிரம்ஸ் ஹேலி குழுவின் டிரம்மர் வாசித்ததல்ல, கூலிக்கு வந்த பில்லி கஸாக் வாசித்தது. லிட்டில் ரிச்சர்டின் கதை இன்னும் சுவை. 1955 செப்டம்பரில் ஸ்பெஷாலிட்டி கம்பெனிக்காகப் பம்ப்ஸ் பிளாக்வெல் அவரை நியூ ஆர்லியன்ஸில் காஸிமோ மட்டாஸாவின் ஜே அண்ட் எம் ஸ்டுடியோவுக்கு அழைத்து வந்தார். ஒரு கடையின் பின்னறைதான் ஸ்டுடியோ. வாசித்தவர்கள் ரிச்சர்டின் சொந்தக் குழுவினர் அல்ல; ஃபேட்ஸ் டாமினோவின் தட்டுகளில் வாசித்துத் தேர்ந்த உள்ளூர்க்காரர்கள். டிரம்ஸில் ஏர்ல் பாமர், சாக்ஸபோனில் லீ ஆலனும் ரெட் டைலரும்.

பதிவு மந்தமாகப் போனது. சாப்பாட்டு நேரத்தில் டியூ டிராப் இன் என்ற விடுதிக்குப் போனார்கள். அங்கே ஆட்களையும் பியானோவையும் பார்த்ததும் ரிச்சர்டுக்கு உற்சாகம் பிறந்து, கிளப்புகளில் பாடும் ஒரு பச்சையான பாட்டை எடுத்துவிட்டார். பிளாக்வெல் தேடிக்கொண்டிருந்தது அதுதான். அதன் வரிகளை வானொலியில் போட முடியாது. உள்ளூர்ப் பாடலாசிரியர் டோரதி லபோஸ்ட்ரியைக் கூப்பிட்டார்கள். ஒரு பெண் முன்னால் அந்த வரிகளைப் பாடக் கூச்சப்பட்டு ரிச்சர்ட் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பாடிக்காட்டினார். புதிய வரிகள் வந்தபோது மிச்சம் கால் மணி நேரம். பியானோக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க அவகாசமில்லை, ரிச்சர்டே உட்கார்ந்தார். மூன்று டேக்கில் 'டூட்டி ஃப்ரூட்டி' முடிந்தது.

பதினைந்து நிமிட அற்புதம் என்று இதைச் சொல்வது எளிது. புதுப் பாட்டைக் கையில் கொடுத்த உடனே வாசிக்கும் குழு அங்கே உட்கார்ந்திருந்ததால்தான் பதினைந்து நிமிடம் போதுமானது. பியானோவில் ரிச்சர்டின் வலதுகை அடித்த நேர்த்தாளத்துக்கு ஈடுகொடுக்கப் போய்த்தான் தன் வாசிப்பு மாறியது என்று ஏர்ல் பாமர் பின்னாளில் சொன்னார். ராக் தாளம் என்று பிறகு உலகம் அழைத்தது அதைத்தான்.

நம்பிக்கை: பாட்டை அடுக்கடுக்காகப் பதிவு செய்யும் உத்தியெல்லாம் பீட்டில்ஸ் காலத்தில் வந்தது.

உண்மை: 1951-இலேயே லெஸ் பாலும் மேரி ஃபோர்டும் 'ஹௌ ஹை த மூன்' பாட்டில் ஒரே ஆளின் கிதாரையும் ஒரே ஆளின் குரலையும் பல அடுக்குகளாக ஏற்றியிருந்தார்கள். நடுவில் தவறு நேர்ந்தால் அதை மட்டும் மாற்ற வழியில்லை. 1957-இல் பட்டி ஹாலி 'வேர்ட்ஸ் ஆஃப் லவ்' பாட்டில் தன் குரலுக்குத் தானே சேர்ந்து பாடினார். அவர் பாடியது நியூ மெக்ஸிகோவின் க்ளோவிஸ் ஊரில் நார்மன் பெட்டியின் ஸ்டுடியோவில். பெட்டி மணிக்கணக்கில் காசு வாங்கவில்லை, பாட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினார். கடிகாரம் துரத்தாததால் புதிது புதிதாகச் செய்து பார்க்க முடிந்தது. 'எவ்ரிடே' பாட்டைக் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டுப்பாருங்கள்: தாளமாக வருவது டிரம்மர் ஜெர்ரி ஆலிசன் தன் தொடையில் தட்டும் சத்தம்.

நம்பிக்கை: எல்விஸ், ஜானி கேஷ், கார்ல் பெர்கின்ஸ், ஜெர்ரி லீ லூயிஸ் நால்வரும் சேர்ந்து ஆல்பம் போடத் திட்டமிட்டுக் கூடினார்கள்.

உண்மை: 1956 டிசம்பர் 4 அன்று சன் ஸ்டுடியோவில் நடந்தது பெர்கின்ஸின் செஷன். லூயிஸ் சம்பளத்துக்குப் பியானோ வாசிக்க வந்த புதுமுகம். எல்விஸ் சும்மா எட்டிப்பார்க்க வந்தவர். பிலிப்ஸ் பத்திரிகைக்குப் போன் போட்டார், படம் எடுத்தார்கள், டேப் ஓடிக்கொண்டே இருந்தது. பாடியதில் தேவாலயப் பாடல்கள் நிறைய. எல்விஸ் அப்போது ஆர்சிஏ ஒப்பந்தத்தில் இருந்ததால் பதிவு 1980கள் வரை கடைக்கு வரவில்லை. புகழ்பெற்ற அந்தப் புகைப்படத்தில் ஐந்தாவதாக ஒரு பெண்ணும் உண்டு. பல பிரதிகளில் அவரை வெட்டிவிட்டார்கள்.

வெட்டுப்பட்டவர்கள் இன்னும் பலர். அன்றைய தட்டுகளில் பாடகரின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். வாசித்தவர், பதிவு செய்தவர் பெயர் இருக்காது. அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 1986 முதலே பாடகர்களைக் கௌரவித்து வந்தது. பக்கத்தில் நின்று வாசித்தவர்களுக்கென்று தனிப்பிரிவு தொடங்கியது 2000-இல்தான். ஏர்ல் பாமரும் ஸ்காட்டி மூரும் அந்த முதல் பட்டியலில் இடம்பெற்றார்கள். காஸிமோ மட்டாஸாவுக்கு அந்தக் கௌரவம் 2012 வரை தள்ளிப்போனது. பாட்டைத் தற்செயல் உண்டாக்கியது என்று சொல்லும்போதெல்லாம் கழிந்துபோவது இவர்களுடைய கணக்குதான்.