ஆங்கிலத்தில் கலந்துரையாடக் கற்றல்

அன்புள்ள இளம் மாணவருக்கு,

ஆங்கிலத்தைப் பிழையின்றி எழுதவும் படிக்கவும் வல்ல மாணவர் பலர், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் செமினார் வகுப்பில் ஒரு மணி நேரமும் வாய் திறவாமல் அமர்ந்திருப்பதுண்டு. பிறர் கூறியதை உள்வாங்கி, அதனோடு தம் கருத்தைப் பொருத்தி, பேச்சு தணியும் கணத்தில் உள்ளே நுழையும் பயிற்சி அவர்களுக்கு எங்கும் தரப்படாததே இதற்குப் பெருங்காரணம். சொல்வளமும் இலக்கணமும் இத்திறனுக்குத் துணை நிற்குமேயன்றி, தாமாகவே இதனைத் தந்துவிடா.

தேர்வுகள் இதனை உணர நெடுங்காலம் ஆயிற்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1913-இல் நடத்திய முதல் ஆங்கிலப் புலமைத் தேர்வு ஏறத்தாழ 12 மணி நேரம் நீண்டது. மொழிபெயர்ப்பு, கட்டுரை, இலக்கியம், ஒலியியல் ஆகியவற்றோடு வாய்மொழிப் பகுதியும் அதில் இருந்தபோதிலும், சொல்வதை எழுதுதலும் உரக்கப் படித்தலும் சிறிது உரையாடலுமே அப்பகுதியில் அடங்கின. எழுதிய மூவரில் ஒருவரும் தேறவில்லை. யாரிடம், எப்போது, எவ்வாறு பேசுவது என்னும் அறிவும் மொழியறிவே என்று மொழியியலாளர் டெல் ஹைம்ஸ் 1972-இல் வெளிவந்த கட்டுரையில் வாதிட்டார். 1980-இல் மைக்கேல் கனேல், மெரில் ஸ்வெயின் ஆகிய மொழிக்கல்வி ஆய்வாளர் இருவரும் அவ்வறிவை இலக்கணத் திறன், சமூகமொழியியல் திறன், உத்தித் திறன் என வகுத்தனர். இவற்றுள் உத்தித் திறன் என்பது, சொல் கிடைக்காதபோதும் பேச்சு முறியும்போதும் அதனைச் சீர்செய்து தொடரும் ஆற்றலாகும்.

இன்று பரவலாக எழுதப்படும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம் வரை நடைபெறுகிறது. சரளமும் கோவையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்கும் சம மதிப்புப் பெறுகின்றன. அதன் மூன்றாம் பகுதி கலந்துரையாடல் எனப்பட்டாலும், தேர்வாளர் வினவ மாணவர் விடையளிக்கும் முறையே அங்கும் நிலவுவதால், சக மாணவரை மறுக்கும் பாங்கோ, ஒதுங்கி நிற்பவரைப் பேச அழைக்கும் பண்போ அதில் வெளிப்பட வழியில்லை. மாறாக, 1991-இல் கேம்பிரிட்ஜ் தொடங்கிய உயர்நிலைத் தேர்வில், இன்று சி1 அட்வான்ஸ்டு எனப்படுவதில், இருவர் சேர்ந்து அமர்ந்து பேசுகின்றனர். பிறர் பேச்சோடு தம் பேச்சை இணைக்கும் திறனுக்கு அங்குத் தனி அளவுகோலே உண்டு. உடன் அமர்பவர் மௌனியாகவோ ஓயாது பேசுபவராகவோ அமைந்தால் மற்றவர் பாதிக்கப்படலாம் என்னும் குறை மெய்யானதே எனினும், கல்விசார் உரையாடலை அளக்க இம்முறையே ஏற்றது.

வகுப்பறைப் பயிற்சியும் பிறர் பேச்சோடு இணையும் இத்திறனிலிருந்தே தொடங்க வேண்டும். நகரப் பேருந்தில் கட்டணத்தை நீக்கலாமா என்பது பொருளாக இருக்க, ஏழைத் தொழிலாளர் பயன்பெறுவர் என்று ஒரு மாணவி கூறுகிறார் எனக் கொள்வோம். அடுத்தவர் 'ஐ அக்ரீ வித் யூ' என்று தொடங்கி, வீட்டில் மனப்பாடம் செய்த காற்று மாசு பற்றிய பத்தியை ஒப்பித்துவிட்டால், வாக்கியங்கள் பிழையற்றவையாயினும் அங்குக் கலந்துரையாடல் நிகழவில்லை. தொழிலாளர் பயன்பெறுவர் என்பதை ஏற்று, வருவாய் இழக்கும் நிர்வாகம் பேருந்துகளைக் குறைத்தால் அவர்களே முதலில் தவிப்பார்களே என்று வினவுபவர், நடுவில் ஒரு வினைச்சொல்லைத் தவறவிட்டாலும் மேலான மதிப்பெண்ணுக்கு உரியவர். முன்னவர் வாதத்தைத் தம் சொல்லில் கூறி, 'அதுதானே நீங்கள் சொன்னது?' என்று கேட்டு ஒப்புதல் பெற்ற பின்னரே தம் கருத்தை உரைக்கலாம் என்னும் விதி, இப்பழக்கத்தை விரைவில் ஊன்றும்.

ஆசிரியரின் பொறுமையும் இப்பயிற்சியில் அடங்கும். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு நொடியே காத்திருப்பதையும், அது மூன்று நொடியாக நீளும்போது விடைகள் விரிவதோடு பேசாதவரும் பேசத் தொடங்குவதையும், கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ அமெரிக்கத் தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளில் கண்டறிந்தார். அயல்மொழியில் சொல்லைத் தேடுபவருக்கு அந்த இடைவெளி இன்னும் இன்றியமையாதது.

ஆசிரியரிடம் கேட்பதால் கல்வியில் காற்பங்கும், உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கும் கிட்டும் என நன்னூற் பாயிரம் வகுத்திருக்க, உடன் பயில்வோரால் கிட்டும் பங்கிற்கு நம் ஆங்கில வகுப்புகளின் கால அட்டவணையில் இடமே இல்லை. ஆகவே வாரத்தில் ஒரு பாடவேளையையேனும் கலந்துரையாடலுக்கென ஒதுக்குமாறு ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள். அவ்வேளையில் பேசாதிருக்கும் நண்பரையும் பெயர் சொல்லி அழையுங்கள்.