மரிக்கொழுந்து சாகுபடி: விதையில் கவனம் தேவை

மல்லிகையும் கனகாம்பரமும் தொடுக்கும் சரத்தில் மணத்திற்காக இடையிடையே வைத்துக் கட்டும் மரிக்கொழுந்தைத் தாங்கள் அறிவீர்கள். தவனம் என்றும் இதற்குப் பெயருண்டு. நான்கு மாதத்தில் முடிந்துவிடும் பயிர். கிணற்றுப் பாசனமும் வீட்டு ஆட்களும் உள்ள சிறு விவசாயி பத்து சென்டில் இதைத் தாராளமாகச் செய்யலாம்.

நல்ல வடிகால் வசதியுள்ள செம்மண், வண்டல் கலந்த மணற்பாங்கான நிலம் ஏற்றது. நீர் தேங்கும் களிமண்ணில் வேர் அழுகிவிடும். அங்கு இதை முயல வேண்டாம்.

விதைப்புக்கு நவம்பர் மாதமே சிறந்தது. பனிக்காலத்தில்தான் செடி தூர் கட்டி, தழைத்து வளரும். கோடையில் விதைத்தால் செடி சாண் உயரம் வருமுன்பே பூத்து நின்றுவிடும். பிறகு எவ்வளவு உரமிட்டும் பயனில்லை.

இந்தப் பயிரில் பலர் ஏமாறுவது விதையில்தான். மரிக்கொழுந்து விதையின் முளைப்புத் திறன் வெகு விரைவில் குறைந்துவிடும். சென்ற பருவத்து அறுவடையில் எடுத்த விதையையே விதைக்க வேண்டும். அதற்கு முந்திய விதை ஆகாது. பழைய விதை என்பதை அறியாமல் வாங்கித் தூவி, முளைக்கவில்லையே என்று மறுபடியும் அதையே தூவிய உழவர் ஒருவரை நான் அறிவேன். நவம்பர் போய்விட்டது, அவருக்கு அந்த ஆண்டுப் பயிரே போய்விட்டது. ஆகவே விதைப்புக்குப் பத்து நாட்கள் முன்பாகவே நூறு விதைகளை எண்ணி ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். பாதிகூட முளைக்காவிட்டால் வேறு விதை தேட அப்போதே நேரம் இருக்கும். இது காசு செலவில்லாத வேலை.

ஏக்கருக்கு 600 கிராம் விதை வேண்டும். பத்து சென்டுக்கு 60 கிராம் போதும். விதை மிகப் பொடியானது. துணியில் முடிந்து 48 மணி நேரம் நீரில் ஊற வைத்து, நீரை வடித்து, ஈரச் சாக்கில் மூடி வைத்தால் முளை கட்டும். பின்னர் மெல்லிய மணலுடன் கலந்து மேட்டுப்பாத்தியில் பரவலாகத் தூவுங்கள். மேலே மணலை லேசாகத் தூவினால் போதும்; மண்ணை அள்ளிப் போட்டு மூடினால் முளை வெளிவராது. பூவாளியால் காலை மாலை நீர் தெளிக்க வேண்டும். வாய்க்கால் நீரைத் திருப்பினால் விதை ஒரு மூலைக்கு அடித்துச் செல்லப்படும். நாற்று அடர்த்தியாக இருந்தால் நாற்றழுகல் வரும். கண்டவுடன் லிட்டர் நீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து வேர்ப்பகுதி நனைய ஊற்றவும்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் நாற்றுகளைப் பறித்து 15 செ.மீ.க்கு 7.5 செ.மீ. இடைவெளியில் நட வேண்டும். பத்து சென்டுக்கு அடியுரமாக 500 கிலோ மக்கிய தொழு உரம், 10 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2.7 கிலோ பொட்டாஷ் இடலாம். யூரியாவை மட்டும் ஒரே முறையில் போட வேண்டாம். நட்ட பத்தாம் நாள் 3.5 கிலோ, பிறகு பதினைந்து நாள் இடைவெளியில் இருமுறை அதே அளவு கொடுத்தால் தழை நன்கு வளரும். மண் பரிசோதனை செய்திருந்தால் அதன்படி மாற்றிக்கொள்ளுங்கள். களைகளைக் கையால் எடுப்பதே நல்லது. நெருக்கமான நடவில் களைக்கொத்து நுழையாது.

மாலைக்கட்டுக்கு என்றால் பூ விரியுமுன், தழை இளசாக இருக்கும்போது அறுத்து, ஈரச் சாக்கில் சுற்றி அன்றே பூச்சந்தைக்கு அனுப்ப வேண்டும். வாடிய கொழுந்தை வியாபாரி தொடமாட்டார். முகூர்த்த நாட்களைப் பார்த்து நிலத்தை இரண்டு மூன்று பகுதியாக, வாரம் ஒரு பகுதி என நட்டுவந்தால் ஒரே நாளில் அவ்வளவையும் விற்கும் கட்டாயம் வராது.

எண்ணெய்க்கு என்றால் பெரும்பாலான பூக்கள் விரிந்தபின்தான் அறுக்க வேண்டும். ஒரு எக்டரில் 12 முதல் 15 டன் பச்சைத் தழை கிடைக்கும். பத்து சென்டில் 500 கிலோ என்று வைத்துக்கொண்டால் எண்ணெய் ஒரு கிலோ அளவே தேறும். அருகில் வடிப்பாலை இல்லாதவர் இதில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

எதற்காக அறுத்தாலும், நோயில்லாத நல்ல செடிகள் உள்ள ஒரு பாத்தியை அறுக்காமல் விதைக்கு விடுங்கள். பூத்தலைகள் பழுப்பேறியதும் வெட்டி, நிழலில் உலர்த்தி, தட்டி எடுத்து, ஈரமில்லாத டப்பாவில் அடைத்து, அதன்மேல் மாதத்தையும் ஆண்டையும் எழுதி வையுங்கள்.