பூச்சிகளைப் பிள்ளைகள் கண்ணால் காணட்டும்



வேளாண்மைக் குடும்பத்துப் பிள்ளைக்கு வட்டைதான் முதற் பள்ளிக்கூடம். தகப்பனுக்குச் சோறு கொண்டு வரம்பால் நடக்கும்போதே அது தும்பியையும் வெட்டுக்கிளியையும் அறிந்துகொள்ளும். 1990இலும், பின்னர் 2006, 2007இலும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில் இந்தப் பாடம் இடையில் அறுந்து போயிற்று. தகரக் கொட்டிலில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரிந்தவை நுளம்பும் இலையானும் கரப்பானும்தான். பூச்சி என்றால் அடிக்க வேண்டியது என்றே அது படித்தது. அப்படி வளர்ந்தவர் நிலத்துக்குத் திரும்பினால், எந்தப் பூச்சியைக் கண்டாலும் மருந்துதான் நினைவுக்கு வரும்.

இந்தோனேசிய விவசாயிகளும் இந்த வழியால் போய்த்தான் திரும்பினார்கள். கபில நிறத் தத்தியை, அதாவது நாம் அறக்கொட்டியான் என்கிறோமே அதை, மருந்தால் வெல்ல முடியாமல் 1986இல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளைத் தடை செய்தது. 1989இல் அங்கே விவசாயிகள் வயற்பள்ளிகள் தொடங்கின. பின்னர் அம்முறை இலங்கைக்கும் வந்தது. நெற்பயிரை வலைத் துணியால் மூடி, உள்ளே அறக்கொட்டியானையும் சிலந்தியையும் விட்டு, யார் யாரைத் தின்கிறார் என்று விவசாயியே பார்ப்பது அங்கு ஒரு பாடம். ஓநாய்ச் சிலந்தி ஒன்று நாளொன்றுக்கு 5 முதல் 15 இரைகளைத் தின்னும். மருந்து அடித்தால் அந்தச் சிலந்தியும் சாகும்; அறக்கொட்டியானின் முட்டையோ இலையுறைக்குள் தப்பிக் கிடக்கும்.

பெரியவர்களைத் திருத்திய இந்த வழி நாலு வயதுப் பிள்ளைக்கும் பொருந்தும்.

தேசி மரத்தில் அல்லது கறிவேப்பிலையில் இளந்தளிரைத் தேடிப் பாருங்கள். குருவி எச்சம் போலச் சிறு புழு ஒன்று ஒட்டியிருக்கும். கொப்போடு முறித்து அகன்ற வாய்ப் போத்தலில் இட்டு, வாயை நுளம்பு வலைத் துண்டால் கட்டுங்கள். ஜாம் போத்தல் போதும். மருந்துப் போத்தலை எத்தனை முறை கழுவினாலும் எடுக்க வேண்டாம். மருந்து அடித்த மரத்துத் தளிரும் வேண்டாம். காலையில் புதுத் தளிர் வைப்பதும் எச்சத்தைக் கொட்டுவதும் பிள்ளைகளின் வேலை. சில நாட்களில் புழு தோலுரித்துப் பச்சையாகும். ஈர்க்கால் மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போல ஒன்றை நீட்டி மணக்கும். பிள்ளைகள் கூச்சலிடுவார்கள், இடட்டும். கூட்டுப்புழுவான பின் தளிர் தேவையில்லை. ஒன்றிரண்டு கிழமையில் வண்ணத்துப்பூச்சி வெளிவரும். செட்டை காய்ந்ததும் பிள்ளைகளே திறந்து விடட்டும்.

இத்தனை நாளும் ஆசிரியை கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "இன்றைக்கு என்ன மாறியிருக்கிறது?" விடையை முந்திச் சொன்னால் பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிடும். படம் கீறிக் காட்டுவதும் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதும் பிறகு ஆகட்டும்.

மாரி காலத்தில் இன்னொன்று செய்யலாம். வளவில் சிரட்டை, யோகட் கோப்பை, பழைய டயர் ஆகியவற்றில் தேங்கிய நீரைப் பிள்ளைகளோடு தேடுங்கள். நெளியும் குடம்பிகளைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து, துணியால் இறுகக் கட்டி இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். பின் காய்ந்த மண்ணில் ஊற்றிவிட்டு, சிரட்டைகளைப் பிள்ளைகளே கவிழ்க்கட்டும். டெங்கு நுளம்பு முட்டையிடுவது பெரும்பாலும் இப்படித் தேங்கும் தெளிந்த நீரில்தான். எதை அழிப்பது, எதை விட்டு வைப்பது என்ற வேறுபாடு இங்கே பிள்ளைக்கு விளங்கத் தொடங்கும்.

எறும்புக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு என்று எண்ண வைப்பதும், மணலில் குழியானையைத் தேட வைப்பதும் செலவில்லாத வேலைகள். மயிர்க்கொட்டியையும் குளவியையும் தொடக்கூடாது என்பதை மட்டும் முதல் நாளே காட்டிச் சொல்லிவிடுங்கள்.

வட்டையில் எந்தப் பூச்சி எப்போது வரும் என்பது வீட்டிலிருக்கும் அப்பப்பாவுக்கும் அம்மம்மாவுக்கும் இன்னும் நினைவிருக்கும். கிழமைக்கு ஒரு நாள் அவர்களையும் முன்பள்ளிக்கு அழைத்து, போத்தலுக்குப் பக்கத்தில் பிள்ளைகளோடு இருக்க விடுங்கள்.