ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்



போன ஜூலை, செமஸ்டர் லீவுக்கு பந்தலூர் பக்கத்தில் இருக்கிற எங்க எஸ்டேட் லைன் வீட்டுக்குப் போயிருந்தேன். மூணு நாளா மழை விடவே இல்லை. லேப்டாப்பில் விண்டோஸ் அப்டேட் ஓடிட்டு இருந்தது. 'அணைக்க வேண்டாம்' என்று அது கெஞ்சிட்டு இருந்த நேரம் பார்த்து கரண்ட் போச்சு. என் லேப்டாப்பில் பேட்டரி பேருக்குத்தான் இருக்கு, ப்ளக்கைப் பிடுங்கினா அடுத்த நொடி ஆஃப்.

ராத்திரி கரண்ட் வந்ததும் ஆன் பண்ணினேன். லோகோ வந்தது, வட்டம் சுத்தியது, நீலத் திரை வந்தது. திரும்ப லோகோ, திரும்ப நீலத் திரை. விடியற வரை இதே கதைதான்.

உள்ளே என்னோட ப்ராஜெக்ட் இருந்தது. அது போனா திரும்ப எழுதிக்கலாம். ஆனா எங்க அப்பாயி பேசின ரெண்டரை மணி நேர ஆடியோவும் அதுக்குள்ளதான் இருந்தது. இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவங்க. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, கடைசியில் டேன்டீ தோட்டத்துக்கு வந்த கதையை அவங்க குரலிலேயே சொல்லியிருந்தாங்க. போனில் இடம் இல்லைன்னு லேப்டாப்புக்கு மாத்திட்டு, போனிலிருந்து நானே டெலீட் பண்ணிட்டேன். அந்த ஜனவரியில் அப்பாயி இறந்துட்டாங்க.

மறுநாள் கூடலூரில் ஒரு கடைக்கு எடுத்துட்டுப் போனேன். ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு, "ஃபார்மட் பண்ணிடலாம் தம்பி, உள்ளே இருக்கிறது போயிடும், பரவாயில்லையா?" என்றார். தலையாட்டப் போனேன். அதுக்குள்ள எங்க டிபார்ட்மென்ட் சீனியர் அக்கா ஒருத்தங்க ஞாபகம் வந்து, போன் போட்டேன். அவங்க சொன்னது: "ஒண்ணும் அழியலடா. நீ எதையும் அமுக்காம இரு."

அன்னைக்குக் கத்துக்கிட்டதைத்தான் இங்கே எழுதறேன்.

முதலில் இதைப் புரிஞ்சுக்கோங்க

விண்டோஸ் வேற, உங்க ஃபைல்கள் வேற. ரெண்டும் ஒரே டிஸ்க்கில் இருக்கு, அவ்வளவுதான். வீட்டு வாசக்கதவு பூட்டு கெட்டுப்போனா பீரோவில் இருக்கிற நகை காணாமல் போகாது. பூட்டைச் சரிபண்ண வீட்டையே இடிக்கிறதுதான் ஃபார்மட்.

இதுக்கு உலகமே பார்த்த ஒரு உதாரணம் இருக்கு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற செக்யூரிட்டி நிறுவனம் அனுப்பின ஒரே ஒரு தப்பான அப்டேட் ஃபைலால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்னுபோச்சு. நம்ம நாட்டு ஏர்போர்ட்டுகளில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தாங்க. அதைச் சரிபண்ண யாரும் 85 லட்சம் கம்ப்யூட்டரை ஃபார்மட் பண்ணலை. சேஃப் மோடில் போய் அந்த ஒரு ஃபைலை நீக்கினா போதும், மெஷின் எழுந்துடும். டிஸ்க்கில் இருந்த மற்ற எல்லாம் அப்படியே இருந்தது. நிறைய பேர் மாட்டிக்கிட்டது வேற இடத்தில்: பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்டது, கையில் கீ இல்லை. நானும் அங்கேதான் மாட்டினேன், பின்னாடி சொல்றேன்.

செய்யக்கூடாதது

ஒண்ணு, டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தா உடனே அணைச்சிடுங்க. பழைய ஹார்ட் டிஸ்க்கில் அந்தச் சத்தம் உள்ளே இருக்கிற பாகம் அடிபடுதுன்னு அர்த்தம். ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் இன்னும் கொஞ்சம் போகும். ஃப்ரீசரில் வைக்கிறது, அரிசியில் புதைக்கிறது, ஸ்க்ரூ டிரைவரால் திறந்து பார்க்கிறது எதுவும் வேண்டாம். டேட்டா ரெக்கவரி லேபுக்குத்தான் போகணும். எங்க ஊரிலிருந்து அதுக்கு ஊட்டி வழியா முழு மலையையும் கடந்து கோயம்புத்தூர் இறங்கணும். பரவாயில்லை, இறங்குங்க.

ரெண்டு, காப்பி எடுக்கிறதுக்கு முன்னாடி செக்டிஸ்க் ஓட்டாதீங்க. அது டிஸ்க்கில் எழுதும். சாகப்போற டிஸ்க்குக்கு அது கடைசி அடியா இருக்கலாம்.

மூணு, எஸ்எஸ்டி இருக்கிற லேப்டாப்பை 'ஃபார்மட் பண்ணிட்டு அப்புறம் சாஃப்ட்வேர் போட்டு மீட்டுக்கலாம்' என்று நம்பாதீங்க. பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஃபார்மட் பண்ணினாலும் டேட்டா கொஞ்ச நாள் அடியில் கிடக்கும், ஃபோட்டோரெக் மாதிரி இலவச சாஃப்ட்வேர் தோண்டி எடுக்கும். எஸ்எஸ்டியில் 'ட்ரிம்' என்று ஒரு ஏற்பாடு இருக்கு. 'இந்த இடம் இனிமேல் தேவையில்லை' என்று விண்டோஸ் சொன்னதும், டிரைவ் அதைத் தானே சுத்தம் பண்ணிடும். என் ரூம்மேட் இப்படித்தான் நாலு வருஷ ஃபோட்டோவை இழந்தான்.

நோய் எங்கே?

சார்ஜர், பென்டிரைவ் எல்லாத்தையும் கழட்டிட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடிங்க. அப்புறம் சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் பண்ணுங்க. சில சமயம் இதுவே போதும்.

சரியாகலைன்னா பயாஸுக்குள் போங்க. நிறைய லேப்டாப்பில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10. அங்கே டிஸ்க் பேர் தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா, பெரும்பாலும் பிரச்சினை விண்டோஸில்தான், பாதி நிம்மதி. தெரியலைன்னா டிஸ்க்கோ அதன் இணைப்போ போயிருக்கு. அது ஹார்டுவேர் ஆள் பார்க்கவேண்டிய வேலை.

வழி 1: நோட்பேட்

விண்டோஸ் லோகோ வந்ததும் பவர் பட்டனை அழுத்தி அணைங்க. இப்படி ரெண்டு மூணு தடவை பண்ணினா, அதுவே 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' திரைக்குப் போகும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ட்ரபிள்ஷூட், திரும்ப அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் ப்ராம்ப்ட். கறுப்பு ஜன்னல் வந்ததும் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் டைப் பண்ணி என்டர் தட்டுங்க. நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல் மெனு, ஓபன். கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாத்திட்டா, அந்தச் சின்ன ஜன்னலே ஒரு ஃபைல் எக்ஸ்ப்ளோரர்! ஃபோல்டரை ரைட் கிளிக் பண்ணி காப்பி, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பேஸ்ட்.

ரெண்டு விஷயம் கவனிங்க. இங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம், உங்க சி டிரைவ் டி என்று காட்டலாம். பதறாதீங்க. காப்பி ஆகும்போது எவ்வளவு முடிஞ்சதுன்னு காட்டாது, ஜன்னல் உறைஞ்ச மாதிரி நிக்கும். டீ குடிச்சிட்டு வாங்க.

வழி 2: உபுண்டு பென்டிரைவ்

நிறைய ஃபைல் இருந்தா இதுதான் வசதி. நண்பன் லேப்டாப்பில் உபுண்டு டவுன்லோட் பண்ணி, ரூஃபஸ் மூலமா ஒரு பென்டிரைவில் ஏத்துங்க. 8 ஜிபிக்குக் குறையாம இருக்கட்டும். அந்தப் பென்டிரைவில் இருக்கிறது அழியும், காலி பென்டிரைவா எடுத்துக்கோங்க. அதை உங்க லேப்டாப்பில் செருகி ஆன் பண்ணும்போது பூட் மெனு கீயைத் தட்டணும். டெல், லெனோவோவுக்கு எஃப்12, ஹெச்பிக்கு எஃப்9, ஆசுஸுக்கு எஸ்கேப்.

உபுண்டு வந்ததும் 'ட்ரை' என்பதைத் தேர்ந்தெடுங்க. 'இன்ஸ்டால்' வேண்டவே வேண்டாம், அது உங்க டிஸ்க்கை அழிக்கலாம். ஃபைல்ஸ் திறந்தா விண்டோஸ் டிரைவ் இடதுபக்கம் தெரியும். 'ரீட் ஒன்லி' என்று சொன்னா சந்தோஷப்படுங்க. நமக்குப் படிக்கிறது மட்டும் போதும்.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் மட்டும் எடுத்துட்டு ஓடாதீங்க. யூசர் ஃபோல்டரையே முழுசா எடுங்க. ஆப்டேட்டா என்ற மறைஞ்ச ஃபோல்டரில் ப்ரௌசர் புக்மார்க் இருக்கும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ப்ரோகிராம்டேட்டாவில் இருக்கும். கிட்டில் புஷ் பண்ணாத கமிட் எல்லாம் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் மறைஞ்சிருக்கிற கிட் ஃபோல்டரில்தான் இருக்கும்.

காப்பி முடிஞ்சதும், வேற லேப்டாப்பில் மாட்டி நாலைந்து ஃபைலைத் திறந்து பாருங்க. திறக்காத காப்பி காப்பியே இல்லை.

48 இலக்கம்

ரெண்டு வழியிலும் எனக்கு நடுவில் நின்ன சுவர் இதுதான். பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்டது, 48 இலக்கம். நான் எப்போ பிட்லாக்கர் போட்டேன்? போடவே இல்லை. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் லாகின் பண்ணினா பல புது லேப்டாப்புகள் தானாகவே டிஸ்க்கைப் பூட்டிடும். கீ அந்த அக்கவுண்டில் சேமிக்கப்பட்டிருக்கும். திருடன் கையில் லேப்டாப் கிடைச்சா நல்லது. சொந்தக்காரனுக்கே கீ தெரியலைன்னா அவனும் திருடன் மாதிரிதான் வெளியே நிக்கணும். கீ இல்லாம எந்தக் கடையும், எந்த லேபும் அதைத் திறக்க முடியாது.

என் லேப்டாப்பை வாங்கினப்போ செட்டப் பண்ணிக் கொடுத்தது சித்தப்பா பையன். எந்த மெயில் போட்டான்னு அவனுக்கே ஞாபகம் இல்லை. அன்னைக்கு சாயங்காலம் வரை ஒவ்வொரு மெயிலா முயற்சி பண்ணினோம். கடைசியில் ப்ளஸ் டூ ஆன்லைன் கிளாஸுக்குப் போட்ட ஒரு மெயில். அதில் லாகின் பண்ணி, டிவைசஸ் பக்கத்தில் பார்த்தா கீ இருந்தது. அந்த மெயில் பாஸ்வேர்டு அம்மா போன் நம்பருக்கு வந்த ஓடிபியால்தான் கிடைச்சது. அம்மா அந்த சிம்மை மாத்தியிருந்தா கதை முடிஞ்சிருக்கும்.

காப்பி எடுத்தாச்சு, இப்போ ரிப்பேர்

இனி பயம் இல்லை. அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் வரிசையா முயற்சி பண்ணுங்க: ஸ்டார்ட்அப் ரிப்பேர், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ், சிஸ்டம் ரீஸ்டோர், அப்புறம் 'கீப் மை ஃபைல்ஸ்' ரீசெட். ரீசெட்டில் நீங்க போட்ட சாஃப்ட்வேர் எல்லாம் போயிடும். எதுவும் நடக்கலைன்னாதான் கடைசியா ஃபார்மட்.

என் லேப்டாப் எதில் எழுந்தது தெரியுமா? ரெண்டாவதில். பாதியில் நின்ன அப்டேட்டை நீக்கினதும் பத்து நிமிஷத்தில் டெஸ்க்டாப் வந்தது. இந்தப் பத்து நிமிஷ வேலைக்குத்தான் அப்பாயி குரலை விட்டுக்கொடுக்க இருந்தேன்.

கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கேட்டுட்டுத்தான் பண்ணப் பார்த்தார். 'ஃபைலைக் காப்பி எடுத்துட்டுப் பண்ணுங்க அண்ணா' என்று சொல்லத் தெரியாதது என் தப்பு.

இன்னைக்கு ராத்திரியே

பீட்டர் க்ரோ என்ற ஃபோட்டோகிராஃபர் பிரபலமாக்கின 3-2-1 விதி இருக்கு: மூணு காப்பி, ரெண்டு வேற வேற வகை இடத்தில், ஒண்ணு வீட்டுக்கு வெளியே. காசு இல்லாத நமக்கு? லேப்டாப்பில் ஒண்ணு, ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒண்ணு, கூகுள் டிரைவ் இலவசமா தர்ற 15 ஜிபியில் முக்கியமானது மட்டும் ஒண்ணு.

ஃபைனல் இயர் மக்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. காலேஜ் மெயில் டிரைவில் வெச்சிருக்கிறது பேக்கப் இல்லை. பாஸ் அவுட் ஆனதும் அந்த அக்கவுண்ட் மூடப்படலாம். இப்பவே சொந்த மெயிலுக்கு மாத்துங்க.

மலையில் இருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. மழைக்காலத்தில் பேட்டரி வீக்கா இருந்தா அப்டேட்டை பாஸ் பண்ணி வைங்க, காலேஜ் வந்து பண்ணிக்கலாம். குளிரிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவந்ததும் உடனே ஆன் பண்ணாதீங்க, உள்ளே ஈரம் பிடிச்சிருக்கும்.

அப்புறம் அந்த 48 இலக்கம். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டைத் திறந்து, கீயைப் பார்த்து, ஒரு நோட்டில் பேனாவால் எழுதி வைங்க. நோட்டை லேப்டாப் பைக்குள் வைக்காதீங்க.

அப்பாயி ஆடியோ இப்போ நாலு இடத்தில் இருக்கு. நாலாவது காப்பி திருப்பூரில் அத்தை வீட்டில், ஒரு பென்டிரைவில். அத்தை வாரத்துக்கு ஒரு தடவை டிவியில் போட்டுக் கேட்கிறாங்களாம்.