பனிக்காலத்திலும் பின்முற்றத்தில் உட்காரலாம்

ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி கொட்டும். கொஞ்சம் ஏற்பாடு செய்தால் அப்போதும் வீட்டுப் பின்முற்றத்தில் சுகமாக உட்காரலாம்.

* குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்லும். சுவரை ஒட்டி, தெற்கு பார்த்து நாற்காலியைப் போடுங்கள். பகலில் சூடேறிய சுவர், வெயில் இறங்கிய பிறகும் சற்று நேரம் கதகதப்புத் தரும்.

* காற்று வீசும் பக்கத்தில் மட்டும் மூங்கில் தட்டியோ தார்ப்பாயோ கட்டுங்கள். வெயில் வரும் பக்கத்தை மறைக்க வேண்டாம்.

* சிமென்ட் தரை காலைச் சில்லிட வைக்கும். தேங்காய் நார் விரிப்பு போடுங்கள். இரும்பு நாற்காலியைவிட மர, பிரம்பு நாற்காலிகளே நல்லது.

* தலைக்கு மேல் சிறு கூரை இருந்தால் இரவுப் பனி நேரே இறங்காது. மெத்தைகளைச் சாயங்காலமே உள்ளே எடுத்துவிடுங்கள், ஈரம் ஏறாது.

* கரியடுப்பைத் திறந்தவெளியில் மட்டும், தட்டி, தார்ப்பாய்க்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். தணல் அடங்கியதுபோல் தெரிந்தாலும் படுக்கையறைக்குள் கொண்டுபோகவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். தண்ணீர் ஊற்றி முழுவதும் அணைத்த பிறகே உறங்கப் போங்கள்.